ரவூப் பாய் எடுத்த டேலன்ட்

ரவூப் பாயைத் தெரியாத ஆட்டு வியாபாரி கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இருக்க முடியாது. வயது முப்பத்தெட்டு. தொழில் ஆட்டுத் தரகு. ஆட்டை வளர்ப்பதும் இல்லை, அறுப்பதும் இல்லை; விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று இரண்டு பேரையும் ஒரு விலைக்குக் கொண்டு வருவதுதான் வேலை. சந்தைக்குள் நுழையும்போதே முகத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிற ஆள் என்று மற்றத் தரகர்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். ஆடு பிடித்திருக்கிறதா இல்லையா, விலை ஜாஸ்தியா கம்மியா, எதையும் அந்த முகத்தில் படிக்க முடியாது. பொய் சொல்கிறவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அப்பேர்ப்பட்ட மனிதர், கைபேசியில் ‘வஜ்ரக்கோட்டை’ என்ற ஆன்லைன் விளையாட்டில் கோடாரியைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவர் என்றால் சிரிப்பு வரும். ஆடு ஏற்றும் வண்டிக்காக ரோட்டோரம் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த நாட்களில் பிடித்துக்கொண்ட பழக்கம். அதில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு ஆளை உருவாக்கி, வருஷக் கணக்கில் வளர்த்து, சண்டைக்கு அனுப்ப வேண்டும். பாய் வளர்த்த ஆளின் பெயர் கிடா. தூரத்தில் நின்று அம்பு விடுகிற ரகம் இல்லை. கிட்டப் போய் அடித்து, கிட்டவே நின்று அடி வாங்குகிற ரகம். வீட்டில் ஒரு எறும்பைக்கூட நசுக்காத மனுஷன் அதில் மட்டும் இப்படி வெட்டுவானேன் என்று மனைவி ஜெபீனா கேட்பாள். நாள் முழுக்கச் சந்தையில் அடக்கி வைத்ததெல்லாம் அங்கே போய்க் கொட்டுகிறது என்று சொன்னால் அவளுக்குப் புரியாமலா போகும்? ஆனால் அவர் சொன்னதில்லை.

இந்த மாதிரி ஆளை வளர்ப்பதில் பெரிய தலைவலி டேலன்ட் எடுப்பதுதான். ஆள் வளர வளர, படிக்குப் படி சில திறமைகளை விளையாட்டு நீட்டும். ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மற்றப் படிகளில் எதை எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. கடைசிப் படிதான் ஆளைப் போட்டுப் பார்க்கும். அங்கே ஒரு பக்கம் இரும்புத் தோல்: எதிரியின் அடி பாதிதான் உறைக்கும், ஆனால் நம் அடிக்கு வலு கூடாது. இன்னொரு பக்கம் ரத்த வெறி: நம் உயிர் குறையக் குறைய நம் கோடாரி கனத்துக்கொண்டே போகும். முழு உயிரோடு நிற்கும்போது ரத்த வெறியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சாகப் போகிற நேரத்தில் மலையையே பிளக்கும்.

இதில் ஒரு சிக்கல். குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர் வேலை அடிபட்டவனுக்கு உயிர் ஏற்றுவது. ரத்த வெறி எடுத்தவனுக்கு வழக்கம்போல முழுசாக உயிர் ஏற்றிவிட்டால் வெறி அடங்கிவிடும். ஏற்றாமல் விட்டால் செத்துவிடுவான். கால்வாசி உயிரில் அந்தரத்தில் தொங்க விட வேண்டும். இரும்புத் தோல் எடுத்தவனை அப்படித் தொங்க விட்டால் கதை முடிந்தது. அவனுக்கு நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே முன்னால் நிற்கிறவன் எந்த டேலன்ட் எடுத்தான் என்பது உயிர் ஏற்றுகிறவருக்குச் சத்தியமாகத் தெரிந்தாக வேண்டும்.

பாயின் குழுவில் அந்த வேலை எழில்மதிக்கு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண், தையல் தைக்கிறவள், வயது இருபத்தாறு. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது கிடையாது. காதில் கேட்கிற குரல்தான் பழக்கம். அவளைக் குழுவுக்குக் கொண்டு வந்ததே பாய்தான். குழுவின் தலைவன் ஜெயப்பிரகாஷ் திருக்கோவிலூரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். மலையில் டவர் சரியாக எடுக்காது, உயிர் ஏற்றுவது ஒரு நொடி தாமதமானாலும் ஐந்து பேரும் காலி என்று அவன் ஆரம்பத்திலேயே முகம் சுளித்தான். அந்தப் பெண்ணுக்கு நான் பொறுப்பு என்று பாய் சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டான். அவளும் சிக்னல் நன்றாக எடுக்கிற இடம் எதுவென்று வீட்டைச் சுற்றித் தேடி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சாக்கை விரித்து அதையே தன் இடமாக்கிக்கொண்டாள்.

பாய் கிட்டத்தட்ட எல்லாச் சண்டையிலும் ஒரு வித்தை செய்வார். சண்டைக்கு முன்னால் காத்திருக்கும் நேரத்தில் எதிர்க்குழு நம் டேலன்ட்டைப் பார்க்கலாம், நாமும் அவர்களுடையதைப் பார்க்கலாம். மணி அடித்ததும் பூட்டு விழும், பிறகு மாற்ற முடியாது; யார் எதை எடுத்தான் என்பதும் அவனவன் திரையில் மட்டும்தான் தெரியும். பாய் கடைசி வரைக்கும் இரும்புத் தோலைக் காட்டிக்கொண்டிருப்பார். எதிரி அதற்கு ஏற்றபடி தயாராவான். மணி அடிக்கப் பத்து நொடி இருக்கும்போது ரத்த வெறிக்கு மாற்றிவிடுவார். சந்தையில் வாங்க வந்த ஆட்டை விட்டுவிட்டுப் பக்கத்து ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிற அதே கை. ஜெயப்பிரகாஷுக்கு இதில் ஏக சந்தோஷம்.

ஆனால் பாய் ஒரு தடவை மாற்றியதை எழில்மதியிடம் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை. அவள் இரும்புத் தோல் என்று நினைத்து முழுசாக உயிர் ஏற்றிக்கொண்டே இருந்தாள், ரத்த வெறி ஒன்றுக்கும் உதவாமல் போனது, தோற்றார்கள். மலை நெட்டால் வந்த வினை என்றான் ஜெயப்பிரகாஷ். பாய் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவள் தனியாகப் பேசியபோது விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கோபித்துக்கொள்ளவில்லை, ஜெயப்பிரகாஷிடம் போட்டுக் கொடுக்கவும் இல்லை.

“மத்தவங்களுக்கு எத வேணா காட்டுங்க பாய். எனக்கு மட்டும் நெசத்தச் சொல்லிடுங்க,” என்றாள். சரி என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சண்டைக்கும் சொல்லியும் வந்தார். ஆனால் அன்றைய தோல்வி அவள் பெயரில் எழுதப்பட்டபடியே கிடந்தது. அதைத் துடைத்துவிட பாய்க்கு வேளை வரவே இல்லையாம். வேளை வராமல் இருக்குமா? வாய் வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் மேல் பிரிவுக்குப் போகும் கடைசிச் சண்டை வந்தது. ஜெயப்பிரகாஷ் ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டான்: இந்தத் தடவையும் உயிர் ஏற்றுவது தாமதமானால், மலைக்காரப் பெண்ணை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவான். எழில்மதி சரி என்றாள். அவளுக்கு அந்தத் தையல் மெஷினை விட்டால் பகலில் பேச்சுத் துணை இந்த நாலு குரல்தான் என்பது பாய்க்குத் தெரியும்.

சண்டைக்கு விளையாட்டு ஒதுக்கிய நேரம் காலை எட்டு மணி. நாள், பக்ரீத்துக்கு முந்தின சந்தை நாள். சின்னசேலம் பக்கம் கூடிய அந்தச் சந்தையில் ஆள் நுழைய இடமில்லை. ஜெபீனா காலையிலேயே எச்சரித்திருந்தாள், இரண்டு மாட்டையும் ஒரு கயிற்றில் கட்டாதீர்கள், ஒன்றை விட்டுவிடுங்கள் என்று. பத்து நிமிஷ வேலை, டீக்கடைக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஒதுங்கி முடித்துவிடுகிறேன் என்று கிளம்பி வந்துவிட்டார்.

அன்று அவர் கையில் இருந்தவை அம்மாசியின் கிடாய்கள். மலையடிவாரத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டே அவன் வருஷம் முழுக்க வளர்த்தவை. வாங்க வந்திருந்தவர் சேலத்து முகம்மது கவுஸ். பெரிய கை. மொத்தமாகப் பிடித்துக்கொண்டு போகிறவர். ஆனால் மூக்கு நுனியில் கோபம். ஒரு தரகனிடம் முகம் திருப்பினால் அந்த ஜென்மத்துக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர் சந்தையைச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று போனதும், இது நல்ல நேரம் என்று பாய் புளியமரத்தடிக்கு வந்து இயர்போன் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டார்.

எதிர்க்குழு பலமானது. பாய் வழக்கம்போல இரும்புத் தோலைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் அதை நம்பித் தங்கள் ஆளை மாற்றுவது திரையிலேயே தெரிந்தது. உள்ளுக்குள் ஒரு குதி குதித்தார். காதில் எழில்மதியின் குரல் வந்தது.

“பாய், இன்னா எடுத்துக்கினு வர்றீங்க?”

“ரத்த வெறி.”

“நெசமா?”

“நெசந்தான்மா. கால்வாசில வெச்சிரு.”

சொன்னபோது அது பொய் இல்லை. இன்னும் சற்று நேரத்தில் உண்மையாகப் போகிற சொல். சந்தையில் பாதிப் பேச்சு அந்த ரகம்தான்.

மணி அடிக்க அரை நிமிஷம் இருக்கும்போது தோளில் ஒரு துண்டு விழுந்தது. கவுஸ் எதிரில் நிற்கிறார். கூடவே அம்மாசி, அவனுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்க நாலு பேர். கவுஸ் எதுவும் பேசவில்லை. பாயின் வலது கையைப் பிடித்துத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

அந்தச் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துக் காட்டுவதுதான் விலை. வாய் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கை உள்ளே இருக்கும்வரை பேரம் உயிரோடு இருக்கும். முதலில் கையை உருவிக்கொள்கிறவன் பேரத்தை முறித்தவன். அதுவும் வலிய வந்து கையைப் பிடித்த பெரிய மனிதரிடம் உருவிக்கொண்டால் அது முகத்தில் அறைந்த மாதிரி.

டேலன்ட் மாற்ற இரண்டு கை வேண்டும். ரத்த வெறியைத் தொட்டுவிட்டு, திரையின் மறு கோடியில் இருக்கும் ‘உறுதி’யை அழுத்த வேண்டும். பாயின் போன் பெரிய போன். இடது கட்டைவிரலை நீட்டினார். ரத்த வெறியின் மேல் பட்டது. ‘உறுதி’ எட்டவில்லை. போனை உள்ளங்கையில் நகர்த்தப் பார்த்தார், வழுக்கியது. துண்டுக்குள் கவுஸ் அவர் விரல்களைச் சேர்த்து அழுத்தினார். நல்ல விலை. முதல் விலைக்கே தலையாட்டினால் கவுஸுக்குச் சந்தேகம் வரும் என்று பாய் வேண்டுமென்றே ஒரு விரலைக் கூட்டினார். கவுஸ் அதை மடக்கினார். முட்டியில் போனை முட்டுக் கொடுத்து மறுபடி விரலை நீட்டினார். அம்மாசி பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போல அந்த முகத்தில் ஒன்றும் இல்லை.

மணி அடித்தது. பூட்டு விழுந்தது. அவர் திரையில், கிடாவின் மார்பில் இரும்புத் தோலின் சாம்பல் முத்திரை.

அடுத்த மூச்சிலேயே கவுஸ் பாயின் கையைக் குலுக்கி வெளியே விட்டார். பேரம் முடிந்தது. அம்மாசியின் முகம் மலர்ந்தது. சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள். இப்போது பாய்க்கு இரண்டு கையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது. கோட்டைக் கதவு மெதுவாகத் திறந்துகொண்டிருக்கிறது. எழில்மா, மாத்த முடியல, இரும்புத் தோல்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு மூச்சுக் காற்று போதும்.

ஆனால் அந்தக் காதில் எழில்மதி மட்டும் இல்லை, ஜெயப்பிரகாஷும் இருந்தான், மற்ற இருவரும் இருந்தார்கள். இத்தனை நாள் கெட்டிக்காரத்தனம் என்று அவன் மெச்சிய வித்தை, ஒரு ஆட்டு பேரத்தில் பல்லிளித்துவிட்டது என்று நாலு பேருக்கும் தெரிந்துவிடும். சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். முதல் அடியிலேயே எதிரியின் ஆள் ஒருவன் விழுந்துவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். ஓடினார்.

விழவில்லை. கிடாவின் கோடாரி வெறும் கோடாரியாக இறங்கியது. எதிரிகள் மூன்று பேர் சேர்ந்து மொய்த்தார்கள். உயிர் முக்கால்வாசி, பாதி என்று இறங்கியது.

“கால்வாசிக்கு வரட்டும் பாய், பயப்படாதீங்க, புடிச்சிக்கறன்,” என்றாள் எழில்மதி. குரலில் அப்படி ஒரு நம்பிக்கை. சொன்னபடியே பிடித்தாள். கால்வாசியில் சொட்டுச் சொட்டாக ஏற்றி, கத்தி முனையில் நிற்க வைத்தாள். அவ்வளவு நேர்த்தியாக அவள் அதற்கு முன்னால் செய்ததே இல்லை. அந்தக் கால்வாசி உயிரில் கிடாவுக்கு எந்த வெறியும் வரவில்லை. பாதி செத்தவன் சும்மா நின்று வெட்டிக்கொண்டிருந்தான்.

இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். இப்போது சொன்னால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஒவ்வொரு நொடியும் அந்தக் கேள்வியைப் பெரிதாக்கியது. பெரிதாக ஆக, வாய் இன்னும் இறுகியது. ஏன் பாய் அடி ஏறவில்லை என்று அவள் கேட்டாள். “அடிச்சிக்கினுதான் இருக்கன்,” என்றார். அதற்குள் எதிரியின் ஈட்டி ஒன்று வந்தது. கிடா விழுந்தான். முன்னால் நின்றவன் விழுந்த பிறகு பின்னால் நிற்கிறவர்கள் எத்தனை நேரம் தாங்குவார்கள்? ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். கடைசியாக விழுந்தவள் எழில்மதி.

பிறகு ஜெயப்பிரகாஷ் ஆரம்பித்தான். கால்வாசியில் தொங்கிய பாய்க்கு ஈட்டி வந்த நேரத்தில் உயிர் வந்தே சேரவில்லை, எல்லோரும் பார்த்தார்கள், இதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன், மலையில் உட்கார்ந்துகொண்டு இந்த வேலை ஆகாது. அவன் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது பரவாயில்லை. கடையில் ரிப்பேர் செய்ய முடியாத போனைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரிப் பேசினான்.

“இருக்கலாங்க,” என்றாள் எழில்மதி. “சிக்னல் ரெண்டு கோடுதான் காட்டிச்சி. நான் போட்டது லேட்டா வந்திருக்கும். நம்பி முன்னாடி போனாரு, நான்தான் சாவடிச்சிட்டன். மன்னிச்சிக்கோங்க பாய்.”

அவள் சும்மா சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினாள். தன் கை சரியாகச் செய்ததையே அவள் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். அந்த மன்னிப்பு ரவூப் பாயைச் சுட்டது. ஊர் நடுவில் நிற்க வைத்துச் செருப்பால் அடித்திருந்தாலும் அப்படிச் சுட்டிருக்காது. தூரத்தில் அம்மாசி கிடாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பாயைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தான்.

“லேட்டு இல்ல,” என்றார் பாய். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “ரத்த வெறி எடுக்கவே இல்ல. இரும்புத் தோலுதான் இருந்துச்சி. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, ஜெயப்பிரகாஷு. போன தடவ தோத்தப்பவும் தப்பு இல்ல. ரெண்டும் நான்தான்.”

முதல் தடவை மாற்றியதைச் சொல்லாமல் விட்டதையும், சந்தையில் கையைப் பிடித்த கதையையும் சொன்னார். முடித்த பிறகு எழில்மதிதான் கேட்டாள்.

“எப்பத்துலேருந்து தெரியும் உங்களுக்கு?”

“மணி அடிச்சப்பவே.”

மாடியில் காற்று அடிக்கிற சத்தம் ஒயர் வழியாகக் கேட்டது.

“சொல்லியிருந்தா முழுசா ஏத்திருப்பன் பாய். இரும்புத் தோலோடயே ஜெயிச்சிருப்போம்.”

அது உண்மை. கணக்குப் போடத் தெரிந்த எவனுக்கும் தெரியும். டேலன்ட் மாற்ற முடியாமல் போனதால் அவர்கள் தோற்கவில்லை. இவ்வளவு நேரமும் கவுஸையும் துண்டையும் போனின் அகலத்தையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த பாய்க்கு அதற்குமேல் யாரையும் திட்ட முடியவில்லை.

அப்படியானால் பாயைத்தான் எடுத்துவிட வேண்டும் என்றான் ஜெயப்பிரகாஷ். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, பாயும் அதற்குத் தயாராகத்தான் இருந்தார். எழில்மதி வேண்டாம் என்றாள். கிட்டப் போய் அடிக்க அவரைப் போல ஆள் கிடைக்க மாட்டார், இருக்கட்டும் என்றாள். ஜெயப்பிரகாஷ் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். கோபமாக இருந்தாலும் நேர்மையான பையன்தான். கடைசிச் சண்டையில் தோற்றவர்களுக்கும் மேல் பிரிவுக்கு இன்னொரு சுற்று இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள்.

பக்ரீத் முடிந்து அந்த வாரக் கடைசியில் அடுத்த சண்டை. பாய் அன்று எந்தச் சந்தைக்கும் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிரிக்குப் பொய்யாக எதையும் காட்டவும் இல்லை. முதலிலேயே ரத்த வெறியை எடுத்து உறுதியை அழுத்திவிட்டு எழில்மதியை அழைத்தார்.

“எழிலு, ரத்த வெறி எடுத்துட்டன். நெசமா.”

“சரிங்க பாய். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிடுங்க.”

“நான்தான் வாயால சொல்றனே, படம் எதுக்கு?”

“படமே இருக்கட்டுங்க,” என்றாள் எழில்மதி. குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தைக்கக் கொடுக்கிறவர்களிடம் அளவு கேட்கிற அதே குரல்.

பாய் படம் எடுத்து அனுப்பினார். அவள் அதைத் திறந்து பார்த்த பிறகுதான் தயார் என்று அழுத்தினாள்.